பல்லாவரத்துக் கல்



தில்லிக்கு நாங்கள் குடிபெயர்ந்த ஆண்டில் எங்கள் தாயார் பல பொருள்களை ஊரிலேயே விட்டுவர இசைந்தார். கட்டிலை விட்டார், பித்தளை அண்டாவை விட்டார், ஊஞ்சற் பலகையையும் மனமின்றி விட்டார். அம்மியையும் குழவியையும் மட்டும் விட மறுத்துவிட்டார். தில்லி நிலையத்தில் சாக்கைத் தலையில் ஏற்றிய சுமைகாரர், உள்ளே என்ன என்று வினவினார். கல் என்றோம். இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து கல்லைச் சுமந்து வருபவர்களை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். வாயைத் திறவாமல் நடந்தார்.

அம்மியானால் ஆண்டுக்கொரு முறையேனும் கொத்த வேண்டும். வட நாட்டிலும் 'சில்பட்டா' என்னும் அரைகல் உண்டாகையால், அதைக் கொத்தித் தருபவர் எங்கள் தெருவுக்கும் வந்தார். அவர் வழக்கமாகக் கொத்துவது மணற்கல். எங்கள் அம்மியின் மீது நாலைந்து முறை உளியைப் பாய்ச்சியவர், உளியின் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்க் கல் என்றார். தாயார் பெருமையோடு, "பல்லாவரம்" என்றார். அருகில் நின்ற எங்கள் மகள், தில்லியிலே பிறந்தவள், "பல்லாவரத்துக்கு முன்னாடி அது எங்கே இருந்தது, பாட்டி?" என்று கேட்டாள். கல் கல்லாகவே அங்கே கிடந்தது என்பது பாட்டியின் விடை. அந்த விடை தவறு என்பதை நாமே பின்னர்த்தான் அறிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றைத்தான் இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகின்றோம்.

நாம் நிலவியல் கற்றவரல்லோம், கலைப் பட்டதாரி. ஆயினும் அரசாங்க மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு எல்லாத் துறைத் தாள்களும் வந்து சேரும். ஒருமுறை பாறைகளைப் பற்றிய குறிப்பொன்று வந்தது. அதில் மூன்று வேறு பாறைகளின் பெயர்கள் இருந்தன; மூன்றுக்கும் 'கருங்கல்' என்று ஒரே சொல்லை இட்டு அனுப்பிவிட்டோம். பார்வையிட்டவர் சிவப்பு மையால் மூன்றையும் வட்டமிட்டுத் திருப்பினார். கோயில் தூணும் கருங்கல், வீட்டுப் படியும் கருங்கல், அம்மியும் கருங்கல் என்றே வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பாறைகள், எத்தனை வேறுபட்ட வரலாறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதை அன்று தான் தேடத் தொடங்கினோம். தேட்டம் நம்மை ஒரு கல்லறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

கல்கத்தா என்று நாம் இன்னும் வாய்ப்பழக்கத்தில் கூறும் கொல்கத்தாவில், புனித யோவான் தேவாலயத்தின் வளாகத்தில், எண்கோண வடிவிலான ஒரு சமாதி மண்டபம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜோப் சார்னாக் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்கத்தாவை நிறுவியவர் இவரே என நெடுங்காலம் பாடநூல்கள் கூறி வந்தன. அங்கே முன்பே ஊர்களும் மக்களும் இருந்தமையால் அவ்வாறு கூறலாகாது என்று 2003-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வாறாயினும், 1690-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் அங்கே வந்து இறங்கினார் என்பது உண்மை. அவர் வந்தது சென்னையிலிருந்து என்பது நமக்குச் சிறிது சுவையான செய்தி. இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாக வாழ்ந்து அங்கேயே மறைந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் அயர் அந்த மண்டபத்தை எழுப்பி, கரிய பலகைக்கல் ஒன்றில் இலத்தீன் மொழியில் எழுத்துப் பொறிக்கச் செய்தார். தனதல்லாத மண்ணில் நெடுநாள் உறைந்தவர் தம் நிலையான இல்லத்துக்குத் திரும்பினார் என்பது அதன் கருத்து.

சார்னாக்கின் மண் எதுவாயினும் ஆகுக. அந்தக் கல்லும் தனதல்லாத மண்ணிலேதான் கிடந்தது. கங்கைச் சமவெளியில் தோண்டினால் வண்டலும் களிமண்ணுமே கிடைக்கும். அத்தகைய கரிய கல் வங்கத்தின் அப்பகுதியில் இல்லை. இருநூறு ஆண்டுகள் அதைக் கடந்து சென்றவர் எவரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. 1893-ஆம் ஆண்டில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த இளைஞர் தாமஸ் ஹாலண்ட் கேட்டார். கல்லின் நுண்ணமைப்பை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறையே என்று கண்டார். கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட கல் அது. பின்னர் அந்தப் பாறை இனத்துக்கே அவர் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். 1900-ஆம் ஆண்டில் அதைப் பற்றிய விரிவான நூலையும் வெளியிட்டார். பல்லாவரத்துப் பாறைக்குப் பல்லாவரத்தின் பெயர் வாய்க்கவில்லை. வெளியூரில் யாருக்காக உழைத்ததோ அவருடைய பெயரே வாய்த்தது. இதில் நமக்குச் சிறிது மனக்குறை உண்டு. ஆயினும் உலகெங்கும் நிலவியல் மாணவர் அப்பெயரைத்தான் படிக்கின்றனர். அண்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ அவ்வினப் பாறை கிடைத்தாலும் அது சார்னாக்கைட்டே.

இப்பாறையின் புதிய முறிவு கருநீலச் சாம்பல் நிறமாக, எண்ணெய் தடவியது போல் மின்னும். அதில் குவார்ட்ஸ் உண்டு, ஃபெல்ஸ்பார் உண்டு. இவை எந்தக் கிரானைட்டிலும் உள்ளவை. அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கரும்பச்சைக் கனிமமும் இருக்கிறது. பாறையின் வாழ்க்கைக் குறிப்பு அந்தக் கனிமத்தில்தான் இருக்கிறது.

பாறைகளை மூன்று வகையாகப் பகுப்பர். குழம்பு உறைந்து ஆனவை தீப்பாறைகள். மணலும் சேறும் படிந்து இறுகியவை படிவுப் பாறைகள். இவ்விரண்டுள் எதுவாயினும், பூமியின் ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறொன்றாக மாறினால் அது உருமாறிய பாறை. 'உருமாறிய' என்னும் அடைமொழியைப் பற்றி மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு ஓர் ஐயம் உண்டு. உரு மட்டுமா மாறுகிறது? உள்ளிருக்கும் கனிமங்களே மாறிவிடுகின்றன. வியப்பு என்னவெனில், இம்மாற்றம் பாறை உருகாமலே, திண்மையாக இருக்கும்போதே நிகழ்கிறது. அரிசி மாவு ஆவியில் வெந்து இட்டிலியாவதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வேகும் காலம் இலட்சக்கணக்கான ஆண்டுகள்.

ஹைப்பர்ஸ்தீன் எவ்வாறு பிறக்கிறது? கிரானைட்டிலும் நைஸ் என்னும் வரிப்பாறையிலும் கரிய அப்பிரகம் இருக்கும். ஊர்ப்புறத்தில் காக்காய்ப்பொன் என்போமே, அதன் கரிய வகை. அப்பிரகத்தின் அணுக்கட்டுக்குள் நீர் கலந்திருக்கிறது. வெப்பம் 700 பாகையைத் தாண்டி 900 பாகை வரை ஏறும் இடத்தில், அப்பிரகம் குவார்ட்ஸோடு வினைபுரிந்து தன் நீரைத் துறக்கிறது. நீர் நீங்கியபின் எஞ்சுவன ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ஸ்பாரும். ஆகவே சார்னாக்கைட் என்பது வறண்ட பாறை. நீரைத் துறந்த பாறை. இத்தகைய வெப்பமும் அதற்கேற்ற அழுத்தமும் கிடைப்பது 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில். மீனம்பாக்கத்து விமானத்தில் அமர்ந்து சாளரத்தின் வழியே நாம் காணும் அந்தச் சிறு குன்றுகள் ஒரு காலத்தில் அவ்வளவு ஆழத்தில் இருந்தன.

ஹாலண்ட் இதை முழுதும் ஏற்றிருக்க மாட்டார். குழம்பு உறைந்து ஆன தீப்பாறையே சார்னாக்கைட் என்பது அவர் கொள்கை. அறிஞரிடையே நெடுநாள் வழக்கு நடந்தது. வழக்கில் சிறந்த சான்றொன்றைக் கொணர்ந்தவர் மைசூர் நாட்டு நிலவியல் அறிஞர் பிச்சமுத்து. கர்நாடகத்தில் கனகபுரத்துக்கு அருகே கப்பால்துர்கா என்னும் குன்று இருக்கிறது. அங்கே சாம்பல் நிற வரிப்பாறையின் நடுவே, துணியில் மை ஊறியது போல், கரிய சார்னாக்கைட் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கிறது. வரிப்பாறையின் வரிகள் திட்டுக்குள் நுழைந்து மங்கி மறைகின்றன. அதாவது ஒரே பாறை, ஓரிடத்தில் மாறியும் பக்கத்தில் மாறாமலும் நிற்கிறது. உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பிடிபட்ட சார்னாக்கைட் என்று அவர் 1960-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1979-ஆம் ஆண்டில் ஜனார்த்தனும் அவருடைய அமெரிக்கத் தோழர்களும் அக்குன்றை மேலும் ஆராய்ந்து, ஆழத்திலிருந்து பிளவுகளின் வழியே எழுந்த கரியமில வாயு நீரை விரட்டியதே மாற்றத்துக்குக் காரணம் என்றனர். வழக்கு இன்றும் முற்றும் முடியவில்லை. குழம்பாகப் பிறந்து பின் உருமாறியவையும் உண்டு, வரிப்பாறையிலிருந்து நின்ற இடத்திலேயே மாறியவையும் உண்டு என்பது இன்றைய பொதுக் கருத்து. ஹாலண்டும் தோற்கவில்லை, பிச்சமுத்துவும் தோற்கவில்லை.

பெங்களூரில் வாழும் நேயர்கள் இதை ஏட்டில் படிக்க வேண்டுவதில்லை. லால்பாக் தோட்டத்தில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை, 300 கோடி ஆண்டுப் பழமையுடைய தீபகற்ப வரிப்பாறை. அங்கிருந்து ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலத்துக்கு இரயிலிலோ பேருந்திலோ வருகின்றீர்கள் அல்லவா? தெற்கு நோக்கி வரவர, பாறைகள் மேலும் மேலும் ஆழத்தில் வெந்தவையாகின்றன. அந்நிலப்பரப்பு முழுவதும் சாய்வாக உயர்த்தப்பட்டு, தென்புறம் மிகுதியாகத் தேய்ந்துபோனமையால், முன்பு அடியில் இருந்தது அங்கே மேலே தெரிகிறது. ஏற்காட்டை நெருங்கும்போது, பெங்களூரின் அடியில் பல கிலோமீட்டர் இறங்கினால் காணக்கூடியதை நாம் வெயிலில் காண்கின்றோம். தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும் பயணம், நிலவியலார் கணக்கில், பூமிக்குள் இறங்கும் பயணம்.

இவற்றின் வயதை எவ்வாறு அறிந்தனர்? பாறையில் சிர்க்கான் என்னும் மிகச் சிறிய மணிகள் கலந்திருக்கும்; ஒன்று ஒரு மணற்பருக்கை அளவே. அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. பின் யுரேனியம் தானே சிதைந்து ஈயமாகிறது. யுரேனியத்தின் முதன்மை வகையில் சரிபாதி சிதைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்தமையால், இருக்கும் ஈயத்தை அளந்து வயதைக் கணக்கிடுகின்றனர். பாறை மறுபடியும் வெந்தால், பழைய மணியைச் சுற்றிப் புதிய வளையம் வளரும். மரத்தை அறுத்து வளையம் எண்ணுவது போல, ஒரே மணியில் நடுப்பகுதிக்கு ஒரு வயதும் ஓரத்துக்கு வேறொரு வயதும் காண இயலும்.

பல்லாவரம், சேர்வராயன், நீலகிரி ஆகிய வடபகுதிச் சார்னாக்கைட்டுகளின் கணக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று வருகிறது. அன்று நிலத்தில் ஒரு புல்லும் இல்லை. காற்றில் மூச்சுவிடப் போதிய பிராணவாயு இல்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் மேற்பாறை தேய்ந்து நீங்கிய பின்னும், இன்று அப்பகுதிகளின் அடியில் நிலமேலோடு 35 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. எனில் அன்று அதன் தடிப்பு அறுபது கிலோமீட்டர் இருந்திருக்க வேண்டும். இன்று அத்தகைய தடிப்பு இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் உண்டு. நிலத்தட்டுகள் மோதி, ஒன்றன்கீழ் ஒன்று செருகி, மேலோடு இரட்டித்த இடம் அது எனப் பல அறிஞர் கருதுகின்றனர். அதாவது பல்லாவரம் ஒரு காலத்து இமயத்தின் அடிவயிறு. மேலே நின்ற மலையை மழையும் காற்றும் அரித்தன. பாரம் குறையக் குறைய, சரக்கு இறக்கிய தோணி மிதந்து எழுவது போல் அடிப்பாறை எழுந்தது. இருபத்தைந்து கிலோமீட்டரை 250 கோடி ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால், நூறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்மானம். உண்மையில் அது சீராக நடந்ததில்லை. சில காலம் விரைந்தும் நெடுங்காலம் ஓய்ந்தும் நடந்தது.

இனி நம்மவர் பலருக்கு உவக்காத ஒரு செய்தியைக் கூற வேண்டியிருக்கிறது. வெளிமாநிலத்துத் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில், உலகில் கல் தோன்றிய நாள்தொட்டு நம் மண் அசையாமல் ஒன்றாகவே நிற்கிறது என்றும், வடக்கு நேற்று வந்த வண்டல் என்றும் சிலர் பேசக் கேட்டிருக்கின்றோம். கைதட்டலும் கிடைக்கிறது. பாறைகள் அவ்வாறு கூறவில்லை.

தமிழ் நிலமே ஒரு துண்டு அன்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே செல்லும் ஒரு வலயத்தில் பாறைகள் நசுங்கியும் இழுபட்டும் கிடக்கின்றன. அதற்கு வடக்கே உள்ளவை 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்தவை. தெற்கே கொடைக்கானல், ஆனைமலை, ஏலமலைப் பகுதிகளின் மூலப்பொருள் மிகப் பழையதே ஆயினும், அவை கடைசியாக வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். வேறிடத்திலிருந்த நிலத்துண்டுகள் வந்து இணைந்த தையல் அந்த வலயம் என்பது அறிஞர் பலரின் கருத்து. மதுரையின் பாறையையும் சேலத்தின் பாறையையும் அண்ணன் தம்பி என்று சொல்ல இயலாது. சம்பந்திகள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த 55 கோடி ஆண்டு வேக்காட்டின் அடையாளங்கள் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் அப்படியே காணப்படுகின்றன. ஏனெனில் அன்று இவையெல்லாம் ஆப்பிரிக்காவோடும் அண்டார்க்டிகாவோடும் சேர்ந்து கோண்டுவானா என்னும் பெருநிலமாக இணைந்துகொண்டிருந்தன.

வடக்கையும் பார்ப்போம். கங்கை யமுனை வண்டல் புதியது என்பது மெய். ஆனால் கரோல்பாக்கில் வாழும் நம்மவர் மாலையில் உலாவச் செல்லும் ரிட்ஜ் என்னும் குன்றுத் தொடர் வண்டல் அன்று. ஆரவல்லியின் வடகோடி அது. குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் ரைசினாக் குன்றும் அதைச் சேர்ந்ததே. அங்குள்ளது குவார்ட்சைட் என்னும் உருமாறிய பாறை. 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நீரடியில் படிந்த மணல், இறுகி, வெந்து, மணிக்கு மணி உருகி ஒட்டியது போல் இணைந்து, மணற்கல்லினும் பன்மடங்கு உறுதி பெற்றது. கொடைக்கானலின் பாறைகள் கடைசி முறை வெந்துகொண்டிருந்தபோது, தில்லிக் குன்று ஏற்கெனவே முதிர்ந்திருந்தது. பம்பாய்த் தமிழருக்கு மட்டும் இப்பழமையில் பங்கில்லை. அங்கே காலடியில் இருப்பது ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்திய எரிமலைக் குழம்பு. நிலவியலில் அது நேற்றைய சரக்கு.

விசாகப்பட்டினத்திலும் ஒடிசாவிலும் இருக்கும் நேயர்களுக்கு வேறொரு பாறை உண்டு. கடலடிச் சேறு ஆழத்தில் வெந்து, செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்த பாறையாயிற்று. அங்கு வாழும் கொந்தர் என்னும் மலைக்குடியின் பெயரால் அதைக் கொண்டலைட் என்பர். கோணார்க் சூரியன் கோயில் பெரும்பாலும் அக்கல்லால் ஆனது. கடற்காற்றில் அது எளிதில் அரிக்கப்படுவதைச் சென்று பார்த்தவர் அறிவர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதி ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறியது. அதன் மறுபாதியை இந்தியாவில் தேடிப் பயனில்லை. அது அண்டார்க்டிகாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலங்களும் பிரிந்தன. 2012-ஆம் ஆண்டில் லார்ஸ்மன் குன்றுகளில் நம் நாடு 'பாரதி' ஆய்வு நிலையத்தை அமைத்தது. அங்கே பனிக்கிடையில் வெளித்தெரியும் பாறைகளை ஆராயும் நம் விஞ்ஞானிகள், கிழக்குத் தொடர்ச்சி மலையின் உறவினரைத்தான் ஆராய்கின்றனர்.

இத்துணை நீண்ட பயணம் செய்து மேலே வந்த பாறைகளுக்கு நம் காலத்தில் நேர்வது என்ன? பரங்கிமலைச் சார்னாக்கைட்டை நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அது நன்று. எனினும் பல்லாவரத்தைச் சுற்றிய குன்றுகள் பல, சாலைக்கும் வீட்டுக்குமாக உடைபட்டு, இன்று குட்டைகளாய் நிற்கின்றன. ஆரவல்லியில் 2018-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட செய்தி இன்னும் கடியது: இராஜஸ்தானத்தில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 128 குன்றுகளில் 31 காணவில்லை. வீடு கட்டக் கல் வேண்டாவா என்று கேட்பீர்களாயின், வேண்டும். நாமும் கல் மேல் கட்டிய வீட்டில்தான் வாழ்கின்றோம், கல் அம்மியில் அரைத்துத்தான் உண்கின்றோம். ஆனால் நூறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கை ஒரு வெடிக்குழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது நெஞ்சு சிறிது திடுக்கிடத்தான் செய்கிறது. உரிமம் வழங்கும் தாளில், அழிவது எத்தனை கோடி ஆண்டு என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தால் என்ன என்று நாம் எண்ணுவதுண்டு. அத்தாளை மொழிபெயர்க்க நேர்ந்தால் மகிழ்வோடு மொழிபெயர்ப்போம்.

எங்கள் மகளுக்கு இவற்றையெல்லாம் சில மாலைகளில் எடுத்துரைத்தோம். பாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார், இடையில் ஒன்றும் பேசவில்லை. முடிவில், "அவ்வளவு வெந்த கல்லா? அதனால்தான் சட்டினி நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

மறு ஆண்டு கொத்துபவர் மீண்டும் வந்தார். பழைய கேள்வியை அவர் கேட்கவே இல்லை. ஆயினும் மகள் தானாக முன்வந்து, இக்கல் இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது என்று இந்தியில் விளக்கினாள். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கல்லை ஒருமுறை நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு, அப்படியானால் கூலி இருபது ரூபாய் கூடுதலாக ஆகும் என்றார்.